ஜன்னல் இல்லாத கப்பல் அறையில் அம்மாவும் மாமியாரும் சேர்ந்து தங்குவது சரிவருமா?

கேள்வி: மண்டபம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, பொங்கல் கழிந்ததும் எங்களை அங்கே வரவழைத்து, அங்கிருந்து மூன்று இரவுக் கப்பல் சுற்றுலா ஒன்றுக்கும் அனுப்பிவைக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான். செல்பவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், என் அம்மா, என் மாமியார். செலவைக் குறைப்பதற்காக, உட்புற அறை ஒன்றை மட்டும் எடுத்து, கீழே உள்ள இரண்டு கட்டில்களிலும் மேலே இருந்து இறக்கும் இரண்டு படுக்கைகளிலும் நால்வரும் தங்கிக்கொள்ளலாம் என்று முகவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். மூன்று இரவுதானே, பகலெல்லாம் வெளியே சுற்றப் போகிறீர்கள், உறங்க மட்டும்தானே அறை என்பது தம்பியின் வாதம்.

எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. என் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் நாட்களில்கூட, மருமகன் கூடத்தில் படுத்திருந்தால் அந்தப் பக்கம் வரமாட்டார். அப்படிப்பட்டவரை அவர் படுத்திருக்கும் அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், காலை நீட்டிப் படுக்கச் சொல்வது எப்படி? ஆகவே ஒரே தளத்தில் இரண்டு உட்புற அறைகளாக எடுத்து, ஒன்றில் நாங்கள் இருவரும், மற்றொன்றில் அம்மாவும் அத்தையும் தங்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. அம்மாவுக்கு மூட்டுவலி, குறட்டையும் பலமாக விடுவார். அத்தை விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார். இருவரும் சம்பந்திகள் என்ற முறையில் ஒருவரையொருவர் மிகவும் மதிப்பவர்கள், ஆனால் ஓர் இரவுகூட ஒரே அறையில் தங்கியதில்லை. செலவு என் பிறந்த வீட்டுடையது என்பதால், அத்தை தமக்கு எது தேவையென்றாலும் வாய்திறந்து கேட்கமாட்டார் என்பதும் என் கவலை.

இத்தகைய அறையில் தங்கியவர்கள், குறிப்பாக வயதானவர்களை அழைத்துச் சென்றவர்கள், அறை உண்மையில் எப்படி இருக்கும், இருவர் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கீழக்கரைக்காரர்

நான் சொகுசுக் கப்பல்களில் அறைகளைப் பராமரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு இருப்பவன். பயணிகள் வந்து இறங்கும்போது அறை எப்படித் தோன்றும் என்பதைவிட, இரண்டாம் நாள் காலையில் அதற்குள் எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நால்வர் ஓர் உட்புற அறையில் என்பதை முதலிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்ன கூச்சம் ஒரு காரணம் என்றால், அதற்கு இணையான இன்னொரு காரணம் ஏணி. உட்புற அறைகள் பெரும்பாலும் 130 முதல் 180 சதுர அடிக்குள் இருக்கும், குளியலறையும் அந்தக் கணக்கில் அடக்கம். பகலில் மேல்படுக்கைகள் சுவரோடோ கூரையோடோ மடங்கியிருக்கும் என்பதால் நடக்க இடம் இருப்பதுபோல் தெரியும். இரவு உணவுக்கு நீங்கள் போயிருக்கும் நேரத்தில் ஸ்டூவர்ட் (அறையைப் பராமரிக்கும் பணியாளர்) வந்து அவற்றை இறக்கி, ஏணியை மாட்டிவிட்டுப் போவார். அந்த ஏணி நிற்கும் இடம் இரண்டு கட்டில்களுக்கும் இடையில் இருக்கும் ஒற்றையடி இடைவெளிதான். மேலே படுப்பது நீங்களும் உங்கள் கணவருமாக இருந்தாலும், கீழே படுத்திருக்கும் உங்கள் அம்மா இரவில் குளியலறைக்கு எழும்போது தலை மேல்படுக்கையின் விளிம்பில் இடிக்கும், முழங்கால் ஏணியில் இடிக்கும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்பட்ட வசதி அது. மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றதல்ல.

பணக் கணக்கையும் தம்பிக்குச் சொல்லுங்கள். கட்டணம் ஓர் அறைக்கு இருவர் என்ற அடிப்படையில்தான் போடப்படுகிறது. மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் பெரும்பாலும் குறைத்துக்கொடுப்பார்கள். ஆனால் துறைமுக வரியும் பணியாளர்களுக்கான அன்றாடப் படியும் தலைக்கு இவ்வளவு என்றே வரும், அவை குறையா. எனவே இரண்டு அறை எடுத்தால் செலவு இரண்டு மடங்காகிவிடும் என்று அவர் நினைத்திருந்தால், அவ்வளவு வித்தியாசம் வராது. முகவரிடம் இரண்டு வகையிலும் மொத்தத் தொகையை எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு அறை என்று முடிவானால், அறை எண்களை முன்பதிவின்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று, எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும் வகையை எடுத்தால், ஓர் அறை ஐந்தாம் தளத்தின் முன்பகுதியிலும் மற்றொன்று ஒன்பதாம் தளத்தின் கடைசியிலும் வந்து சேரலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் அதை எடுக்கவே கூடாது. மேலும் கீழும் பயணிகள் அறைகளே உள்ள தளமாக, கப்பலின் நடுப்பகுதியாகப் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். ஆட்டபாட்ட அரங்கத்துக்கு மேலே என்றால் நள்ளிரவு வரை தரை அதிரும்.

அடுத்து கட்டில். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்து ஒரே படுக்கையாக விரித்து வைப்பதுதான் பல கப்பல்களில் வழக்கம். பிரித்துப் போட வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள், ஏறியதும் ஸ்டூவர்டைப் பார்த்து நேரிலும் சொல்லுங்கள். எங்களுக்கு அது சில நிமிட வேலைதான். ஆனால் எல்லா அறைகளுக்கும் இரவு விரிப்பு போடும் நேரத்தில் வந்து சொன்னால், உங்கள் முறை வர இரவு நெடுநேரம் ஆகிவிடும். கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்க உயரம் இருக்கும். துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டிகளைக் கட்டிலடியில் தள்ளிவிட்டால்தான் நடக்க இடம் மிஞ்சும். பெட்டியைத் திறந்தபடி தரையில் போட்டு, தினமும் அதிலிருந்தே எடுத்து உடுத்துபவர்களால்தான் ஒரே அறைக்குள் சண்டை வரும் என்பதை நான் எத்தனையோ வாசற்படிகளில் நின்று கேட்டிருக்கிறேன்.

குளியலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசலில் சில அங்குல உயரத்துக்குப் படித்தடுப்பு பல கப்பல்களில் இருக்கும், தண்ணீர் வெளியே வராமல் தடுப்பதற்காக. தூக்கக் கலக்கத்தில் எழும் வயதானவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். குளிக்கும் இடம் ஒருவர் திரும்பி நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும், திரை ஒன்று தொங்கும், அது ஈரத்தோடு உடம்பில் ஒட்டும். உங்கள் அம்மாவுக்கு உட்கார்ந்து குளிக்கும் பழக்கம் இருந்தால், குளியல் நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை, ஆதலால் சிறிய பிளாஸ்டிக் குவளை ஒன்றை ஆளுக்கொன்றாக எடுத்துச்செல்லுங்கள். கழிவைக் காற்றழுத்தத்தால் உறிஞ்சும் அமைப்பு என்பதால், பொத்தானை அழுத்தியதும் பெரும் சத்தத்தோடு இழுக்கும். முதல் இரவில் அத்தை பயந்துவிடாதபடி பகலிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

விளக்கேற்றுவது மட்டும் நடவாது. எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதற்கும் கப்பல் அறையில் அனுமதி கிடையாது. கூரையில் புகையறியும் கருவி இருக்கும். கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் வேறெதுவும் இல்லை. தண்ணீர் சுடவைக்கும் கெட்டில், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றைப் பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள்.

பதில்: பாம்பன் சகோதரி

மண்டபம் சகோதரிக்கு வணக்கம். கீழக்கரை ஐயா அறையைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் என் நாத்தனாரோடு இதேபோன்ற உட்புற அறையில் தங்கியவள் என்பதால், இருட்டையும் இருவர் சேர்ந்து புழங்குவதையும் பற்றி எழுதுகிறேன்.

ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் வரும் இருட்டு, நம் வீட்டில் மின்சாரம் போனால் வரும் இருட்டைப் போன்றதல்ல. கண் பழகவே பழகாது. கட்டிலிலிருந்து கையை நீட்டினால் சுவர் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. இருவரும் முதல் இரவில் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துப் படுத்தோம். ஆனால் கப்பல் சற்று அசைந்ததும் கதவு அறைந்து மூடிக்கொண்டது. பிறகு நாத்தனார் கண்டுபிடித்த வழிதான் நன்றாக இருந்தது. தொலைக்காட்சியில், கப்பலின் முகப்பில் பொருத்திய கேமரா காட்டும் காட்சி ஓர் அலைவரிசையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு அதை அப்படியே ஓடவிட்டால், இரவெல்லாம் திரை கறுப்பாக இருக்கும், விடியும்போது தானாக வெளுக்கும், அறையும் அதனோடு மெல்ல வெளிச்சமாகும். புதிய கப்பல்கள் சிலவற்றில் தரையிலிருந்து கூரை வரை பெரிய திரை வைத்து வெளிக்கடலைக் காட்டும் உட்புற அறைகளே இருக்கின்றன என்கிறார்கள். மூன்று இரவுக்கு அதற்கென்று கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அத்தை நான்கரைக்கு எழுவதைப் பற்றி நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கவலை வேண்டாம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஊரிலிருந்து போய் ஓரிரு நாளில் கப்பல் ஏறினால், அவர் உடம்புக்கு நான்கரை என்பது அங்கே காலை ஏழு மணி, அதாவது அங்கே சூரியன் எழும் நேரம். உண்மையான சிரமம் இரவில்தான். ஊரில் ஒன்பதரைக்கு உறங்குபவர்களுக்கு அங்கே பன்னிரண்டு மணிக்குத்தான் உறக்கம் வரும். அறைக்குள் பகலும் தெரியாது இரவும் தெரியாது என்பதால் உடம்பு ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் இருவரையும் மேல்தளத்துக்கு அழைத்துச்சென்று அரைமணி நேரம் வெயிலில் உட்காரவைத்தால் அது சரியாகிவிடும்.

ஓர் அறையில் இருவர் என்றால், இருவரும் ஒரே நேரத்தில் அறைக்குள் நின்று உடுத்த முடியாது என்பதுதான் நாங்கள் முதலில் தெரிந்துகொண்டது. சேலை கட்டுவதற்குக் கொசுவம் எடுத்து உதறக் கை வீச இடம் வேண்டுமே! ஒருவர் உடுத்தும்போது மற்றவர் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது வெளியே போய்விட வேண்டும். அம்மாவும் அத்தையும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தயங்குவார்கள் என்பதால் நீங்களே நேரம் பிரித்துவிடுங்கள். அத்தை முதலில் எழுந்து குளித்து உடுத்திக்கொண்டு உங்கள் அறைக்கோ மேலே காபி குடிக்கவோ வந்துவிடட்டும். அதன்பின் அம்மா எழுந்து அவசரமில்லாமல் தயாராகட்டும். மாலையில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

வாசனையையும் சொல்லிவிடுகிறேன். கோடாலித் தைலம் நம் ஊரில் இல்லாத வீடு இல்லை. திறக்க ஜன்னல் இல்லாத அறையில் ஒருவர் முழங்காலுக்குத் தேய்த்தால், அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கண் எரியும். படுக்கப் போகும்போது தேய்ப்பதை விட்டுவிட்டு, இரவு உணவுக்குப் போகும் முன் குளியலறைக்குள் நின்று, காற்றுப்போக்கியை ஓடவிட்டுத் தேய்த்துக்கொண்டால் திரும்பி வரும்போது வாடை குறைந்திருக்கும். ஈரச்சேலையை அறைக்குள் காயப்போட முடியாது. குளியலறையில் இழுத்துக் கட்டும் ஒரு கயிறு இருக்கும், ஒரு ரவிக்கையோ துண்டோ அதில் காயும். எளிதில் காயும் சேலைகளாகத் தலைக்கு ஐந்து எடுத்துப்போனால் துவைக்கும் வேலையே இல்லை.

இறுதியாகத் தலைசுற்றல். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், வாடைக்காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும்போதும் படகில் உட்கார்ந்து சோறு தின்பவர். அவரே அந்த ஜன்னலில்லா அறையில் படுத்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் உடம்புக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் வருவது அது. தளத்துக்கு வந்து கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்ததும் தெளிந்துவிட்டார். அணியத்திலும் (முகப்பு) அமரத்திலும் (பின்பகுதி) ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு என்பது நம் கடற்கரைக்குத் தெரிந்ததுதானே, அது அந்தப் பெரிய கப்பலுக்கும் பொருந்தும். உயரமான தளத்தைவிடக் கீழ்த்தளமும் நல்லது. சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். இருந்தாலும் மருத்துவரைக் கேட்டு வாந்தித் தடுப்பு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவை தூக்கக் கலக்கம் தருபவை, அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு சேருமா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பதில்: தொண்டிப் பெரியவர்

மேலே எழுதிய இருவரும் அறையைச் சரிசெய்வது எப்படி என்று சொன்னார்கள். யாரை எந்த அறையில் போடுவது என்பதில் எனக்கு மாறான கருத்து உண்டு.

சம்பந்திகள் இருவரையும் ஓர் அறையில் விடாதீர்கள். அவர்கள் சண்டை போடுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. சண்டை போடவே மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சம்பந்தியம்மாள் உறங்குகிறாரே என்று இவர் விளக்கைப் போடாமல் இருட்டில் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போவார். நம் குறட்டை அவருக்குத் தொந்தரவாகுமே என்று அவர் விடிய விடிய விழித்துக் கிடப்பார். ஏசி குளிர்கிறது என்று ஒருவரும் சொல்லமாட்டார். மூன்று இரவும் மரியாதையிலேயே கழிந்து, இறங்கும்போது இருவருக்கும் உடம்பு வலிக்கும். நீங்கள் உங்கள் அம்மாவோடும், உங்கள் கணவர் அவருடைய அம்மாவோடும் தங்கிக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளையிடம் “டேய், அந்த விளக்கை அணை” என்று சொல்ல அவருக்கு எந்தத் தயக்கமும் இராது. மூன்று இரவு கணவன் மனைவி பிரிந்து படுப்பதால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

சீட்டில் யார் பெயர் எந்த அறைக்கு இருக்கிறதோ அங்கேயே தங்குங்கள். ஏறிய பிறகு உங்களுக்குள் மாற்றிக்கொள்வதாக இருந்தால் வரவேற்பு மேசையில் சொல்லி அவர்கள் பதிவையும் மாற்றச் சொல்லுங்கள். ஆபத்து நேரத்தில் எங்கே கூடுவது என்பது அறையை ஒட்டித்தான் தீர்மானிக்கப்படுகிறது, ஆளைத் தேடுவதும் அந்த அறையில்தான். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எழுந்து புறப்பட வேண்டும் என்பதை இரண்டு அம்மாக்களுக்கும் தமிழில் விளக்கிவிடுங்கள், ஏனென்றால் பயிற்சியின்போது அறிவிப்பு அவர்களுக்குப் புரியும் மொழியில் வராது. அறைக் கதவிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவுகள் என்று கையால் தொட்டு எண்ணிக்கொண்டு ஒருமுறை நடக்கவைப்பதும் நல்லது.

என் தகப்பனார் பினாங்குக்குப் போனது 1926-இல் கட்டிய ரஜூலா கப்பலில். நாகப்பட்டினத்தில் ஏறி, தளத்தில் பாய் விரித்து, ஊர்க்காரர்கள் கூட்டமாகப் படுத்து, வழியெல்லாம் வெங்காயமும் கருவாடும் வாசனையாகப் போனார்களாம். அவருக்கு அறை என்ற ஒன்றே கிடைக்கவில்லை, ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, காசு கொடுத்து ஜன்னல் இல்லாத அறையில் போய் அடைந்துகொள்வது என்னவோ இன்னும் ஒட்டவில்லை. அது என் கோளாறு, உங்கள் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதில்: உச்சிப்புளி நண்பர்

ஒரு யோசனை மட்டும். இரண்டுமே உட்புற அறையாக எடுக்காமல், ஒன்றை பால்கனி உள்ளதாகவும், மற்றொன்றை நடைபாதைக்கு எதிரே இருக்கும் உட்புற அறையாகவும் எடுத்துப்பாருங்கள். எங்கள் குடும்பம் அப்படித்தான் போனது. பகலில் அனைவரும் பால்கனியில் உட்கார்ந்திருப்போம், இரவில் படுக்க மட்டும் எதிர் அறை. அலைச்சல் என்றால் இரண்டு எட்டுதான். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பதை மட்டும் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், பணியாளர்களும் வந்து எடுக்கச் சொல்வார்கள்.

மறுமொழி: மண்டபம் வாசகி

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. இரு வகையிலும் தொகையை எழுதி வாங்கியதில், கீழக்கரை ஐயா சொன்னதுபோலவே வித்தியாசம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. தம்பியும் இரண்டு அறைக்கு ஒப்புக்கொண்டான். பால்கனி அறைக்கு அவனை இழுக்க எனக்கு மனமில்லை. அருகருகே இரண்டு உட்புற அறைகள், நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில் கிடைத்திருக்கின்றன.

தொண்டிப் பெரியவர் சொன்னதைப் படித்துவிட்டு, அதையே செய்வோம் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டுவிட்டார். “இவனோடு ஓர் அறையில் இருந்து நான் என்ன பேசுவது? படுத்ததும் போனைப் பார்ப்பான். நான் சம்பந்தியம்மாவோடு இருந்துகொள்கிறேன், கொஞ்ச நேரம் கதை பேசலாம். குறட்டையெல்லாம் உன் மாமனாரோடு முப்பது வருசம் கேட்டதுதான்” என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் குறட்டையைப் பற்றிச் சம்பந்தியம்மாளிடம் யார் சொன்னது என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். ஆகவே சம்பந்திகள் ஓர் அறையிலும் நாங்கள் பக்கத்து அறையிலும் என்பது முடிவு. பெரியவர் பொறுத்தருள வேண்டும்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. விளக்குக்குப் பதில் அத்தைக்கு என்ன செய்வது? அவர் கிழக்கு நோக்கித்தான் கும்பிடுவார், ஜன்னலில்லாத அறையில் கிழக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவுக்கு எண்கள் வாசிப்பது சிரமம், ஒரே மாதிரி இருக்கும் கதவுகளுக்கு நடுவில் தம் அறையை எப்படி அடையாளம் காண்பார்?

பதில்: கீழக்கரைக்காரர்

நல்ல முடிவு. அவரவர் வாயால் சொல்லிவிட்டபின் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

விளக்குக்கு, பேட்டரியில் எரியும் சிறிய விளக்கு இராமேஸ்வரம் கடைத்தெருவிலேயே கிடைக்கும், அதில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நெருப்பு இல்லை என்பதால் யாரும் தடுக்கமாட்டார்கள், இரவில் அதையே சிறு வெளிச்சமாகவும் வைத்துக்கொள்ளலாம். திருநீறு, குங்குமம், சிறிய படம் எல்லாம் வைத்துக்கொள்வதில் தடையில்லை. அறைச் சுவர்கள் இரும்புத் தகடு போர்த்தியவை என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாகப் பிடிக்கும். ஐந்தாறு வாங்கிப்போனால் படத்தை மாட்டலாம், துண்டு, பை, அம்மாவின் மாத்திரைப் பை எல்லாவற்றையும் தொங்கவிட்டுத் தரையையும் மேசையையும் காலியாக வைக்கலாம்.

கிழக்கைக் கண்டுபிடிக்க, செல்பேசியின் திசைகாட்டியை நம்பாதீர்கள், சுற்றிலும் இரும்பு என்பதால் அது தடுமாறும். தொலைக்காட்சியில் வரைபட அலைவரிசை ஒன்று இருக்கும். அதில் கப்பல் எந்தப் பக்கம் நோக்கிப் போகிறது என்று அம்புக்குறி தெரியும். அறையில் கப்பலின் முகப்பு எந்தப் பக்கம் என்பதை முதல்நாளே தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், அதிலிருந்து கிழக்கைக் கணக்கிடலாம். என் உம்மாவை அழைத்துச் சென்றபோது தொழுகைக்குக் கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையை, அப்படித்தான் ஒவ்வொரு வக்துக்கும் பார்த்துச் சொன்னேன், ஏனென்றால் லுஹருக்கு (நண்பகல் தொழுகை) இருந்த திசை அஸருக்குள் (மாலைத் தொழுகை) மாறிவிடும். கப்பல் இரவில் திரும்பியிருக்கும் என்பதால் அத்தைக்கும் தினமும் காலையில் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கதவுகளும் இரும்புதான், ஆதலால் காந்தத்தில் ஒட்டும் பொம்மை ஒன்றைக் கதவில் வைத்துவிடுங்கள். ஒட்டும் நாடா வேண்டாம், வண்ணம் உரிந்தால் பணம் கேட்பார்கள். அம்மாவுக்குச் சட்டென்று தெரியும் நிறமாக, பெரிதாக, அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். கதவைத் திறக்கும் அட்டையில் பெரும்பாலும் அறை எண் அச்சிட்டிருக்காது. அதனால் எண்ணை ஒரு தாளில் எழுதி அவருடைய பணப்பையில் வையுங்கள், வழி தவறினால் எந்தப் பணியாளரிடம் காட்டினாலும் கொண்டுவந்து விடுவார்கள். கரை விட்டதும் செல்பேசி இணைப்பு போய்விடும். கடலில் கப்பலின் சொந்த வலையில் தானாகச் சேர்ந்துகொண்டால் பெருந்தொகை ஏறும், ஆகவே எல்லாருடைய செல்பேசியையும் விமானப் பயன்முறையில் போடுங்கள். அறையிலிருந்து அறைக்குப் பேச மேசைமேல் இருக்கும் தொலைபேசியே போதும், பெரும்பாலும் அறை எண்ணை அழுத்தினாலே மணி அடிக்கும். அம்மாவுக்கு எண் சிரமம் என்றீர்கள், அத்தை பார்த்து அழுத்திக்கொள்வார்.

ஏசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காற்று வரும் துளை ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது ஏதாவது ஒரு கட்டிலை நோக்கித்தான் வீசும். குளிர் தாங்காதவர் யாரோ அவரை எதிர்க் கட்டிலில் போடுங்கள். கூடுதல் போர்வை கேட்டால் ஸ்டூவர்ட் கொண்டுவந்து கொடுப்பார், அதற்குக் கட்டணம் இல்லை. அத்தை கேட்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ஏறிய அன்று மாலையிலேயே, இரண்டு கட்டிலுக்கும் ஒவ்வொரு போர்வை கூடுதலாக வேண்டும் என்று நீங்களே சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள்.